இரண்டு தாத்தாக்களும் ஒரு சிறு கோடும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வந்து இறங்கியபோது, என் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. ஆஃபீஸில் 'மிஸ்' சேர்த்து என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள். முதல் சில வாரங்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது.

என் கணவருக்கும் அதே கதைதான். அவரை அவருடைய அப்பா பெயரால் கூப்பிட்டார்கள், அல்லது கூப்பிட முயன்று பாதியில் விட்டார்கள். நாங்கள் நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். என் அப்பா பெயர் பழைய ஏற்பாட்டில் வருவது, ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. அமெரிக்கர்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த பெயர். கணவர் வீடு திருச்சிக் கத்தோலிக்கர்கள். மாமனாருக்கு ஒரு புனிதரின் பெயரைத் தமிழாக்கி, அதன் வாலில் ஒரு முத்துவையும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் படிவத்தில் கொடுத்த கட்டங்கள் தீர்ந்த பிறகும் பெயர் மிச்சமிருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். மாமனார் மாமியார் வந்திருக்கும்போது மட்டும் நான் 'நீங்க'வுக்கு மாறிவிடுவேன். வேலை இருவருக்கும் ஃப்ரீமான்ட் பக்கம். அங்கே வீடு வாங்க முடியாததால் மலைக்கு அந்தப் புறம் லிவர்மோரில் வாங்கினோம். விடியும் முன்பே கிளம்பி, சுனோல் மேட்டில் மற்ற கார்களோடு ஊர்ந்து, மாலையில் அதே மேட்டில் திரும்ப ஊர்ந்து வருவோம். அந்த வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது எனக்கு முன்னால் எரியும் சிவப்பு பிரேக் விளக்குகள்தான்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதத்தில், அப்பா இறந்துபோனார். கர்ப்பத்தில் ஏதோ சிக்கல் இருந்ததால் விமானத்தில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடக்கத்தன்று தங்கை ஃபோன் ரிசீவரைக் கூடத்துப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பாமாலை பாடுவது கேட்டது. நடுவில் யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தமும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. திரும்பப் போட்டபோது எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். மறுநாள் நான் ஆஃபீஸ் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டும் பெண்கள். அதுவரை அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அப்பாவும் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் அந்த மாதம் ஆஃபீஸில் யாராவது என்னை அப்பா பெயரால் கூப்பிடும்போதெல்லாம், இந்தப் பெயர் என்னோடு முடிந்துவிடும் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் மேட்டில் கார் நகராமல் நின்றபோது கணவரிடம் கேட்டேன்.

"குழந்தைக்கு லாஸ்ட் நேம் என்ன போடப் போறோம்?"

"எங்கப்பா பேருதான். வேற என்ன?"

"எங்கப்பா பேரும் வேணும்."

 கார்கள் நகர்ந்து, மேடு தாண்டி இறக்கத்துக்கு வந்த பிறகுதான் அவர் பேசினார்.

"ஹைஃபன் போட்டு ரெண்டையும் வெச்சிடலாம். எங்க டீம்ல ஒரு வெள்ளைக்காரி அப்படித்தான் வெச்சிருக்கா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. அழுகை வந்தது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"சரி, எது முன்னாடி?" என்றார்.

நான் ஒரு டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிரசவத்துக்கு என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் பொன்மலை ரயில்வே ஆஃபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டுக்கொள்வார். அதிர்ந்து பேசமாட்டார். ஹைஃபன் விஷயத்தை மகன் எடுத்துச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா பேரும் இருக்கட்டும்மா. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம வழக்கத்துல இனிஷியல் முன்னாடிதானே வருது? முன்னாடி வர்றதுதான் மரியாதை. அதனால என் பேரை முன்னாடி போட்டுடலாம்."

நியாயமாகத்தான் பேசினார். சங்கடம் என்னவென்றால், அதே நியாயத்தால் நானும் அப்பா பெயரை முன்னால் வைக்க நினைத்திருந்தேன்.

"யோசிக்கலாம் மாமா," என்றேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமான்டில் தமிழ் ஆராதனை. ஒரு வெள்ளைக்காரர்கள் சர்ச்சை மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்து மாதம் ஒருமுறை நடத்துவார்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லோரும் வருவோம். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, ரொம்ப வருடமாக இங்கே இருக்கும் ஒரு அங்கிளிடம் மாமனார் இந்தப் பெயர் விஷயத்தைக் கேட்டார். அந்த அங்கிள் அடித்துச் சொன்னார்.

"சார், இங்க லாஸ்ட் நேம்தான் எல்லாமே. கடைசியில எது இருக்கோ அதைத்தான் ஃபேமிலி நேம்னு எடுத்துப்பான். முன்னாடி இருக்கறத மிடில் நேம்னு நெனச்சு விட்டுடுவான்."

திரும்பும் வழியில் மௌரி அவென்யூ கடையில் பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் மாமனார் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. உங்கப்பா பேரே முன்னாடி இருக்கட்டும்."

பின்சீட்டில் மாமியார் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த அங்கிள் பேசியது அவருக்கும் கேட்டிருந்தது, எனக்கும் கேட்டிருந்தது. உடனே எனக்குக் கடைசி இடம் வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. இப்போது எழுதும்போது வேடிக்கையாக இருக்கிறது. அன்று எட்டு மாத வயிற்றோடு சீட் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது வேடிக்கையாக இல்லை. அப்பாவை யாரோ வரிசையில் இருந்து தள்ளிவிடப் பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு கணவரின் ஆஃபீஸில் அந்த ஹைஃபன்காரப் பெண், எந்த அலுவலகத்திலும் முதலில் இருக்கும் பெயரை வைத்துத்தான் அடுக்குவார்கள், பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதே இல்லை என்று சொன்னாள். அதை அவர் வீட்டில் வந்து சொன்னார். மாமனார் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப முன்னாடிதான் நல்லதுங்கறியா?"

கணவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு அடிச்சுக்கிறீங்க. அது எந்த எடம்னுதான் ரெண்டு பேருக்கும் தெரியல."

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அம்மாவுக்கு அப்பா போனதிலிருந்து குரலே இறங்கிப்போயிருந்தது.

"அப்பாக்க பேரு முன்ன வந்தா என்ன, பின்ன வந்தா என்ன மக்களே? அவியளே போயாச்சு. நீ ஒனக்க ஒடம்பப் பாரு," என்றாள்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அம்மாவே விட்டுவிட்டால் நான்தானே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பட்டது.

மகள் பிறந்தாள். நீண்ட, களைப்பான பிரசவம். கடைசியில் ஆபரேஷன். மறுநாளைக்கு மறுநாள், பிறப்புச் சான்றிதழ் விவரம் எழுதிக்கொள்ளும் பெண்மணி கையில் கிளிப்போர்டோடு அறைக்குள் வந்தார். மாமனார் ஜன்னலோரம் நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்திருந்தார். மாமியார் எனக்கு ரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி முதல் பெயரை எழுதிக்கொண்டார். லாஸ்ட் நேம் என்று கேட்டதும் நானும் மாமனாரும் கணவரைப் பார்த்தோம்.

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இது அவருக்குப் புதிதில்லை போலிருந்தது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் முடிவு பண்ணிவிடுங்கள், இன்று உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீ சொல்லு," என்றார் கணவர்.

எனக்குத் தையல் இழுத்தது. பால் கட்டி மார்பு வலித்தது. இத்தனை மாதம் பிடித்துவைத்திருந்த பிடிவாதத்தை எங்கே வைத்தேன் என்று தேடினால் காணவில்லை.

"எது வேணா போடுங்க. எனக்குத் தூங்கணும்."

"அப்பா, நீங்க?"

மாமனார் குழந்தையைப் பார்த்தபடியே, "உன் இஷ்டம்பா," என்றார். அவருக்கும் முந்தின இரண்டு நாள் தூக்கமில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

கணவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அவ அப்பா முன்னாடியே போயிட்டாரு. முன்னாடியே இருக்கட்டும்," என்றார்.

யாரும் மறுக்கவில்லை. மாமனார் மெதுவாகத் தலையாட்டினார். "கடைசிதான் முக்கியம்னு சர்ச்சுல அவரும் சொன்னாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்மணி திரும்பி வந்து எழுதினார். என் அப்பா பெயர், நடுவில் ஒரு சிறு கோடு, பிறகு மாமனார் பெயர். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறை அடித்து எழுதினார்.

முதல் தடுப்பூசிக்குக் கிளினிக்குப் போனோம். மாமனாரும் வந்தார். நர்ஸ் கதவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்து, குழந்தையின் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். கோட்டுக்கு அப்புறம் இருந்ததைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, புன்னகை செய்து, விட்டுவிட்டாள். மாமனார் எழுந்திருக்கவே இல்லை. வேறு யாரையோ என்று நினைத்திருக்கிறார். நான்தான், "மாமா, நம்மளத்தான்," என்றேன்.

சில வாரத்தில் இன்ஷூரன்ஸ் அட்டை வந்தது. அதில் என் அப்பா பெயர் முழுசாக இருந்தது. கோடு இருந்தது. மாமனார் பெயர் இடம் போதாமல் நடுவில் அறுந்து நின்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"பாதியில நிக்குதேம்மா."

"கம்ப்யூட்டர்ல அவ்வளவுதான் எடமாம் மாமா."

"ஓ," என்றார். அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். எந்த வரிசையில் வைத்திருந்தாலும் அறுபடுவது அந்த நீளப் பெயர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னப் பெயர் எந்தப் பக்கம் நின்றாலும் கூப்பிடுவதற்கு அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். என் அப்பா ஜெயித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆறு மாதம் முடிந்து மாமனாரும் மாமியாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் குழந்தையை என் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது குழந்தைக்குத் தொப்பி போட வேண்டும் என்பது மட்டும்தான்.

மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது காது வலி. டேகேரிலிருந்து ஃபோன் பண்ணினார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இல்லை. வேறு டாக்டர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். மருந்தின் பெயரைப் பார்த்ததும் சீட்டை அவரிடமே திருப்பி நீட்டினேன். அதே மருந்தைக் கொடுத்து முந்தின குளிர்காலத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"இவளுக்கு இது ஒத்துக்காது. ஃபைலில் இருக்குமே," என்றேன்.

ஃபைலில் இல்லை என்றார் டாக்டர். தேடிப் பார்த்ததில் மகள் பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று என் அப்பா பெயரின் கீழ், இன்னொன்று மாமனார் பெயரின் கீழ், அதுவும் எழுத்துப் பிழையோடு. ஒவ்வாமை எழுதியிருந்தது அந்த இரண்டாவதில். ஊசிகளில் பாதி இதில், பாதி அதில். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். நான் மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கே பெயர் கொடுத்தாலும் இரண்டையும் முழுசாகச் சொல்லி, எழுதுகிறவர் திரும்பப் படித்துக்காட்டும் வரை விடமாட்டேன். கிளினிக், மருந்துக் கடை, டேகேர், நூலகம், நீச்சல் வகுப்பு. என் அப்பா பெயரை ஒரு முறை சொன்னால் போதும். மாமனார் பெயருக்குத்தான் உயிர் போகும். நடுவில் வரும் 'வி' அவர்களுக்கு 'பி' என்று கேட்கும். விக்டரில் வரும் வி என்பேன். ஹைஃபன் போட முடியாது என்பார்கள் சிலர். இடைவெளி விடட்டுமா, சேர்த்து எழுதட்டுமா என்பார்கள். ஆஃபீஸில் பக்கத்து மேசைக்காரிக்கே அந்தப் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் ஃபோனை எடுத்தால் அவளே உதட்டை அசைத்து எழுத்துக்களைச் சொல்லிக் கேலி செய்வாள்.

அப்பா பெயருக்காக அழுது அடம்பிடித்த நான், நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது மாமனார் பெயரைத்தான்.

மகனின் பிரசவத்துக்கு அவர்கள் இரண்டாவது முறை வந்தார்கள். மாமனார் கொஞ்சம் தளர்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை மட்டும் மாறவில்லை. ஒரு நாள் அடுக்களையில் நின்று இன்ஷூரன்ஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளுக்கு மாற்றியிருந்தார்கள். முதலிலிருந்து சொன்னேன். எழுத்து, எழுத்தாக. இல்லை, பி இல்லை, வி. இல்லை, இன்னும் முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"பெரும்பாலும், மாமா."

அவர் டம்ளரைத் தொட்டியில் வைத்தார்.

"எங்கப்பா கொஞ்சம் சின்னப் பேரா வெச்சிருக்கலாம்." சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "வேணும்னா என் பேரை எடுத்துடும்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நீ வேலைக்கும் போயிட்டு, பிள்ளையையும் பாத்துக்கிட்டு, இது வேற எதுக்கு?" என்றார்.

மனசாரத்தான் சொன்னார். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் வீங்கியிருந்தது, நிற்க முடியவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"இப்ப எடுக்கணும்னாலும் கோர்ட்டுக்குப் போகணும் மாமா. அதுக்கும் உங்க பேரை ஸ்பெல் பண்ணணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமியார் என்னவோ ஏதோ என்று மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் ஃபோன் பண்ணி நான் எழுத்துச் சொல்ல ஆரம்பித்தாலும், அவர் ஒரு நாற்காலியை இழுத்து என் அருகில் போட்டுவிட்டுப் போவார்.

மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரும் வாதம் பண்ணவில்லை. அக்காவுக்கு என்னவோ அதேதான் என்று ஆகிவிட்டது. எழுதி முடித்து எல்லோரும் போன பிறகு கணவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"என் பேரு ரெண்டு புள்ளைங்க பேர்லயும் இல்ல. கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. ஊரில் பிறந்திருந்தால் இரண்டுக்கும் இனிஷியல் அவர் பெயராகத்தான் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு தாத்தாக்களுக்கு இடம் பிடித்துக்கொடுப்பதில் பெற்றவனை வெளியே நிறுத்திவிட்டிருந்தோம். நான்கு வருடமாக இதை மனதில் வைத்திருந்தாரா என்று கேட்டேன்.

"சேச்சே. இப்பத்தான் தோணிச்சு," என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் சான்றிதழ் விவரம் எழுதிய பெண்மணியைத் திரும்ப வரச் சொல்லி, மகனுக்கு நடுப்பெயராக அவர் பெயரைச் சேர்த்தோம். மகளுக்கு அது இல்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அதைக் கண்டுபிடித்து, "வொய் டஸ் ஹி கெட் டாடி அண்ட் ஐ டோன்ட்?" என்று கேட்டாள். உனக்கு ஏற்கெனவே இடமில்லை கண்ணு என்றேன். "தட்ஸ் நாட் ஃபேர்," என்றாள். நியாயமில்லைதான்.

2001இல் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நாள், தனித்தனி அறை. அதிகாரி கேள்விகளெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இந்தச் சமயத்தில் விரும்பினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வீட்டில் நான்கு பேருக்கு மூன்று லாஸ்ட் நேம். பள்ளியில் என்னை மகளின் அம்மா என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பெயரையே நானும் வைத்துக்கொண்டால் எவ்வளவோ சுலபம். நான் யோசிப்பதைப் பார்த்து அவர் காத்திருந்தார்.

பாங்க், வீட்டுப் பத்திரம், லைசென்ஸ், ஆஃபீஸ், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அந்த எழுத்துக்கள்.

"வேண்டாம்," என்றேன்.

வெளியே வந்தபோது கணவர் ஏற்கெனவே காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பேரு மாத்தணுமான்னு கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஒரு நிமிஷம் உங்கப்பா பேரையும் சேத்துக்கலாமான்னு நெனச்சேன். வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா இருக்குமேன்னு."

நான் அவரைப் பார்த்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் யாரு இதெல்லாம் அலைஞ்சு மாத்தறதுன்னு விட்டுட்டேன். நீ?"

"நானும் அதேதான்."

அவர் கதவைத் திறந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டு வந்திருந்தோம், சாயங்காலத்துக்குள் போக வேண்டும். ஃப்ரீவேயில் ஏறும்போதே வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அவர் என் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். மேடு வருவதற்குள் நான் தூங்கிப்போனேன்.